இடப்பக்கத்து நாற்காலி

"அவரோட புத்தகத்தை யாரோ எடுத்துட்டாங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல மேடை ஏறணும்."

துப்பறிவாளரின் அறைக்குள் ஓடிவந்த அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்கியது. பல நாடுகளில் இசைக்குழுக்களையும் பாடகர் குழுக்களையும் நடத்திப் பேரெடுத்த நடத்துநரின் மனைவி அவர். கையில் கணவரின் மூக்குக்கண்ணாடி.

"நேத்து ஒத்திகைக்கும் இதை வீட்லயே விட்டுட்டுப் போயிட்டார். இன்னைக்கு இசைக்குறிப்புப் புத்தகமே இல்ல. கடைசி நேரத்துல விலகினா இனிமே எந்த நாட்டுலேருந்தும் கூப்பிட மாட்டாங்க."

துப்பறிவாளர் நிதானமாக எழுந்தார். உதவியாளர் அதற்குள் வாசலில் நின்றார். அவரை எல்லோரும் 'அவசரம்' என்றே கூப்பிடுவார்கள். மனிதர் அந்தப் பேரைக் கெடுத்ததே இல்லை.

எதிர்த்தெரு அரங்கின் ஒப்பனை அறையில் நடத்துநர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். மரியாதைக்குப் பேர்போனவர், வந்தவர்களைக் கண்டு எழுந்திருக்கவில்லை. இடப்பக்கம் நாற்காலி காலியாக இருந்தும், மனைவி சோபாவைச் சுற்றிப் போய் வலப்பக்கம் நின்று பேசினார்.

"நான் அடையாளம் போட்டு வச்ச புத்தகம் இல்லாம முடியாது. துணை நடத்துநரே நடத்தட்டும்" என்றார் நடத்துநர்.

வெளியே வயலின்கள் சுருதி சேர்ந்துகொண்டிருந்தன.

"சார், துணை நடத்துநர்தான் திருடன்" என்று அவசரம் காதைக் கடித்தார். "இவர் விலகினா மேடை அவருக்குத்தானே? பிடிச்சிடலாமா?"

"கொஞ்சம் பொறுய்யா."

துப்பறிவாளர் இடப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சாவிக்கொத்தைத் தரையில் நழுவவிட்டார். சத்தம் கேட்டு அவசரம் துள்ளிவிட்டார். நடத்துநர் திரும்பவே இல்லை.

துப்பறிவாளர் எழுந்து வலப்பக்கம் வந்தார். "ஐயா, கண்ணாடி இல்லாமலே நேத்து முழு ஒத்திகையும் நடத்தியிருக்கீங்க. அப்போ எல்லாம் மனப்பாடம். புத்தகம் தொலைஞ்சா உங்களுக்கு ஒண்ணும் குறையாது. விலக ஒரு சாக்கு கிடைக்கும், அவ்வளவுதான். நாங்க வந்ததுலேருந்து நீங்க எழுந்திருக்கவும் இல்ல. கொஞ்சம் எழுந்திருங்க."

மெத்தைக்கு அடியில் புத்தகம் இருந்தது.

நடத்துநர் முகத்தை மூடிக்கொண்டார். "இடது காது போயிடுச்சு. இடப்பக்கம் பாடுறவங்க தப்பு பண்ணினா எனக்குத் தெரியாது. ஊரறிய அவமானப்படப் பயந்துட்டேன். இவகிட்டகூடச் சொல்லல."

"நீங்க சொல்லித்தான் தெரியணுமாக்கும்" என்றார் மனைவி, கண்ணைத் துடைத்தபடி. "இத்தனை மாசமா சுத்திச் சுத்தி வந்து வலப்பக்கமே நின்னு பேசுறேனே, எதுக்குன்னு நினைச்சீங்க?"

நடத்துநர் முகத்திலிருந்து கையை எடுத்து அவரைப் பார்த்தார்.

மனைவி அவசரத்திடம் திரும்பினார். "தம்பி, துணை நடத்துநரை இடப்பக்கம் பாடுறவங்க முன்னால உக்காரச் சொல்லுங்க. தப்பு வந்தா இவருக்குக் கை காட்டட்டும்."

தான் பிடிக்கப் பார்த்த ஆளைக் கெஞ்சிக் கூப்பிட அவசரம் ஓடினார்.

மணி அடித்தது. நடத்துநர் இசை நடத்தும் கோலை எடுத்துக்கொண்டு நடந்தார்.

"புத்தகம்?" என்றார் துப்பறிவாளர்.

"அது சோபாவிலேயே இருக்கட்டும்" என்று அந்த அம்மாள் கண்ணாடியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, கணவரின் வலப்பக்கமாகச் சேர்ந்து நடந்தார்.