பதினோரு கைப்பேசியில் ஒரு முகம்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், எனக்கு மிச்சமிருக்கும் நான்கு பற்களும் நாளைக் காலை இட்லியோடு போகட்டும். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

ஒரகடத்தில் பெண்கள் விடுதி நடத்தும் செந்தாமரையை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளுடைய கைப்பேசிக்கே அடையாளம் தெரியவில்லை. திரையைத் துடைத்தாள், வாசல் வெளிச்சத்துக்கு வந்தாள், பல்லைக்கூடக் காட்டிப் பார்த்தாள். 'இந்த முகம் வேறிடத்தில் பயன்பாட்டில் உள்ளது' என்றது கைப்பேசி.

சந்தேகம் நேராக மாடிக்குப் போனது.

மாடியில் பதினோரு தெற்கத்திப் பெண்கள். கம்பெனியில் இரவு ஷிப்ட் முடிந்து வந்து, தூங்குமுன் ஒரு மணி நேரம் கைப்பேசியில் யாரையாவது சுட்டுத் தள்ளினால்தான் அவர்களுக்குக் கண் சொருகும். போன மாதம் அந்தத் துப்பாக்கி ஆட்டத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. அரசு உத்தரவுப்படி, இருபத்தொரு வயது நிரம்பியவர் முகத்தைக் காட்டினால்தான் இனிச் சுட முடியுமாம். மூத்தவள் பேச்சிக்கே இருபதுதான். அரசு உத்தரவு என்று போட்டிருந்தால் அதற்கு மேல் யார் கேட்பார்கள்?

"யக்கா, உங்க மொகத்தக் கொஞ்சம் காட்டுங்களேன்," என்று பேச்சிதான் முதலில் வந்து நின்றாள்.

"நல்ல சட்டம்டி இது. வெட்டு, குத்து, ரத்தம்... கவர்மென்ட்டு சும்மாவா போட்டுகீது?" என்று திட்டிக்கொண்டே, செந்தாமரை முந்தானையால் மூக்கின் எண்ணெயைத் துடைத்துவிட்டு முகத்தைக் காட்டினாள்.

"இடப்பக்கம் திரும்புங்கக்கா. இப்பம் கண்ணச் சிமிட்டுங்க."

"இன்னாடி இது, என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்ளோ கேக்கல!"

பதினோரு கைப்பேசிக்கும் காட்டினாள். ஆட்டம் தினமும் புதிதாகக் கேட்டது. தினமும் காட்டினாள்.

இப்போது அந்த முகத்தை வைத்து எவளோ என்னவோ செய்கிறாள். கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று படியேறினாள். பாதிப் படியில் பேச்சி, கையில் வாளியோடு எதிரே வந்தாள்.

"யாரு வேணும்? அக்கா கீழ இருக்காங்க."

"நக்கலா? எம்மூஞ்ச வெச்சினு இன்னாடி பண்றீங்க?"

பேச்சியின் பார்வை செந்தாமரையின் நெற்றிக்கும் தாடைக்கும் நடுவே, உட்கார இடம் கிடைக்காத ஈயைப்போல அலைந்தது. "கொரலு மட்டும் அக்கா மாரியே இருக்கு," என்றாள். வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். வாளி கடைசிப் படிவரை உருண்டுபோய், அங்கும் நிற்காமல் ஆடிக்கொண்டே கிடந்தது.

நன்றாகத்தான் நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் செந்தாமரை. மேலே ஏறி, மாடி அறைக் கதவைத் தள்ளினாள். போர்வைகளைக் கட்டிப் பகலை மறைத்திருந்த அறையில் தேங்காய் எண்ணெயும் ஈரக் காலுறையும் சூடேறிய சார்ஜரும் கலந்த வாடை அடித்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தொண்டையைச் செருமியது. வரிசையாகப் படுத்திருந்த பத்துப் பெண்களின் மூச்சும் ஒரே மூச்சாக ஏறி இறங்கியது. தரையில் பதினோரு கைப்பேசிகள். யாரும் தொடவில்லை. எல்லாம் எரிந்துகொண்டிருந்தன.

ஒவ்வொன்றிலும் அவள் முகம்.

எதிலும் துப்பாக்கி இல்லை. ஒன்றும் சுடவில்லை. காத்திருந்தன.

செந்தாமரை இடப்பக்கம் திரும்பிக் கதவைப் பார்த்தாள். பதினொன்றும் திரும்பின.

கண்ணைச் சிமிட்டினாள்.

அவை சிமிட்டவில்லை. அவளைப் பார்த்தன. பிறகு, ஒவ்வொன்றாக, அவை சிமிட்டின.

இமையைத் தொட்டுப் பார்த்தாள். இல்லை. மூக்கைத் தேடினாள். வழவழப்பு. முட்டை ஓடுபோல.

அறைக்கு வெளியே ஓடினாள். கைகழுவும் தொட்டிக்கு மேலே கண்ணாடி. அதில் கழுத்து இருந்தது. தாலிக்கயிறு இருந்தது. மூக்குத்தி அந்தரத்தில் மின்னியது. அதற்கு மேலே சிவப்புப் பொட்டு. இரண்டுக்கும் பின்னால், சுவரின் நீல டைல்ஸ்.

கத்த வாய் தேடினாள்.

அறைக்குள்ளிருந்து பதினோரு குரல்கள், எல்லாம் அவளுடைய குரலே, நிதானமாகச் சொல்லின: "நல்ல சட்டம்டி இது."

சொல்ல மறந்துவிட்டேன்: துப்பாக்கி ஆட்டம் ஆட முகத்தைக் காட்டு என்று இங்கே எந்த அரசும் இன்றுவரை சட்டம் போடவில்லை.