காலி வீட்டு வயலின்

காலை பத்தரைக்கு வீடு பார்க்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு, சாவியக்கா போலீசுக்குப் போன் போட்டாள். மாடியறைக் கட்டிலின் மேல் இருந்த வயலினைப் பெட்டியோடு காணோம். பூட்டு உடையவில்லை. ஜன்னல்கள் எல்லாம் உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தன.

சாவியக்கா வீட்டுத் தரகர். ஊரில் பாதிக் காலி வீடுகளின் சாவி அவள் கைப்பையில்தான் குலுங்கும். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். நம்பிச் சாவி கொடுக்கும் வரைதான் பிழைப்பு. "புரோக்கர் கை வச்சிட்டாளாம்" என்று ஒரு வாய் சொன்னால் போதும், அவள் அடுப்பில் பூனை தூங்கும்.

இருப்புக் கொள்ளவில்லை அவளுக்கு. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தாள். சாதாரண நாளிலேயே கையும் காலும் சும்மா இருக்காத பிறவி. வீடு விற்பனைக்கு வந்தால் ஒழுகும் குழாயை மாற்றுவாள், எரியாத பல்பை மாற்றுவாள், மக்கர் பண்ணும் கதவைச் சரிபண்ணுவாள். வீட்டுக்காரர்களிடம் மூச்சு விடமாட்டாள், சொன்னால் "எதுக்கு வெட்டிச் செலவு?" என்பார்கள். ஒரு குறையைக் கண்டால் வாங்க வந்தவன் விலையில் எவ்வளவு அடிப்பான் என்று அவர்களுக்கு எங்கே தெரிகிறது! இந்த வீட்டிலும் அந்த வேலையெல்லாம் போன புதன்கிழமை முடிந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் மாடியறையைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கி வந்தார்.

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"வெள்ளிக்கிழமை சார். தூசி தட்டிட்டுப் போனேன். கட்டில் மேலதான் இருந்துச்சு."

"சாவி யார்யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு. இந்த வீட்டம்மா தவறி நாலு மாசம் ஆச்சு. அவங்க மகள்கிட்ட ஒண்ணு, மகன்கிட்ட ஒண்ணு."

"அப்போ மூணு பேர்ல ஒருத்தர். நீங்களும் சேர்த்துத்தான்."

முதலில் மகள் வந்தாள். வயலின் அவளுக்குத்தான் என்று தாய் வாயாலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "எங்க இருந்துச்சுன்னு காட்டுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். விடுவிடுவென்று மாடியேறியவள், சாத்தியிருந்த கதவின் பிடியைத் திருகி, தோளைக் கொடுத்து ஓர் இடி இடித்தாள். கதவு படாரென்று திறக்க, தடுமாறிப் போய்க் கட்டிலில் முழங்காலை முட்டிக்கொண்டாள்.

"பார்த்து வாங்கம்மா! ஏன் இவ்வளவு அவசரம்?" என்றார் சாவியக்காவோடு பின்னால் வந்த இன்ஸ்பெக்டர்.

அவள் வெறும் கட்டிலைப் பார்த்து அழுதுவிட்டாள். "அம்மா இல்லாத ரூமுக்கு வர மனசே வரல சார். நாலு மாசமா தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

இன்ஸ்பெக்டர் பழையபடி கதவைச் சாத்தினார். அதற்குள் மகனின் கார் வந்து நின்றது. இறங்கும்போதே சத்தம். அக்கம்பக்கத்தார், வீடு பார்க்க வந்தவர்கள், எல்லார் காதிலும் விழுந்தது.

"வேலியே பயிரை மேஞ்சிடுச்சு! புரோக்கர்கிட்ட சாவியக் குடுக்காதேன்னு எல்லாருக்கும் சொல்லுங்க!"

ஐந்து நிமிடத்தில் சாவியக்காவின் போன் அடித்தது. அடுத்த தெரு வீட்டுக்காரம்மா. "ஒண்ணும் தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டுச் சாவியச் சாயங்காலம் கொண்டாந்து குடுத்துடுங்க."

ஆரம்பித்துவிட்டது. இனி ஒவ்வொரு சாவியாகப் போகும்.

"அம்மா போனதுக்கப்புறம் நான் இந்த வாசப்படிய மிதிக்கவே இல்ல சார்" என்று சொல்லிக்கொண்டே மகன் மாடியேற, மற்ற மூவரும் பின்னால் போனார்கள். அவன் பிடியைத் திருகி, இரண்டு விரலால் கதவைத் தள்ளினான். "இதோ, இங்கதான் இருந்துச்சு."

காலையிலிருந்து ஓயாமல் நடந்த சாவியக்காவின் கால் அப்போதுதான் நின்றது.

"சார், ஒரு நிமிஷம்." மகள் பக்கம் திரும்பினாள். "நீங்க ஏம்மா கதவை அப்படி இடிச்சீங்க?"

"இடிக்காம எப்படித் திறக்கும்? நாங்க பொறந்ததுலேர்ந்து அது ஒட்டிக்கிற கதவு. அம்மா வயலின் வாசிக்கும்போது இடிச்சுட்டு உள்ள போய்த் திட்டு வாங்காத நாளே இல்ல."

"தம்பியும் இடிப்பாரா?"

"அவன்தான் ஜாஸ்தி. ஒரு தடவை கதவோட சேர்ந்து விழுந்தான்."

"புதன்கிழமை தச்சரைக் கூட்டிட்டு வந்து அதைச் சீவினேன் சார். ஒருத்தர்கிட்டயும் சொல்லல. விஷயம் தெரியாதவங்க பழக்கத்துல இடிப்பாங்க. அக்கா இடிச்சாங்க, முட்டியும் பேந்துச்சு. நாலு மாசமா வராத தம்பிக்கு, ரெண்டு விரல் போதும்னு யார் சொன்னது?"

மகனின் கை கார் சாவி இருந்த சட்டைப்பையைப் பொத்தியது. இன்ஸ்பெக்டர் கை நீட்டினார்.

"கார் சாவியக் குடுங்க."

டிக்கியில், போர்வைக்குள் இருந்தது வயலின். சாயங்காலம் யாருக்கோ விலைபோய்க் கைமாறியிருக்க வேண்டியது.

"எல்லாத்தையும் பாதிப் பாதின்னாங்க, இதை மட்டும் உனக்குன்னாங்க" என்று அக்காவிடம் முனகினான் அவன்.

"அது நமக்குள்ளடா! அதுக்கு இந்தம்மா பிழைப்புல மண்ணை அள்ளிப் போடுவியா?" அவன் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தாள். அங்கே கூடியிருந்தவர்கள் ஒருவரும் நகராமல் நின்றிருந்தார்கள். "கத்துனியே, இப்பச் சொல்லு."

"அவங்க எடுக்கல. நான்தான்…"

"சத்தமா!"

"அவங்க எடுக்கல! நான்தான் எடுத்தேன்!"

சாவியக்கா போனை அவன் வாய்க்கு நேரே நீட்டினாள். "இன்னொரு தடவை சொல்லுங்க சார். அடுத்த தெரு வீட்டுக்காரம்மா லைன்ல இருக்காங்க."