சமன் ஆணை

"முப்பத்தொன்பது மீட்டர்" என்று சோதனைத் திடலின் ஒலிபெருக்கி அறிவித்ததும் தவசியப்பன் வேனுக்குள் இருந்தபடியே கைதட்டினார். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நாற்பது மீட்டருக்குள் நின்றுவிட்டால் நெடுஞ்சாலையின் வேகத்தடத்தில் ஓட்ட உரிமம் உண்டு. காந்தக் கவ்வி என்ற புது பிரேக் கடைகளுக்கு வந்த நாளிலிருந்து ஊரே இந்த எண்ணின் பின்னால் அலைந்தது. மிதித்த கணத்தில் சக்கரத் தட்டை அது அப்படியே இறுக்கிப் பிடித்துவிடும்.

நாச்சியார் குனிந்து வேனின் அடியில் விளக்கடித்துப் பார்த்தாள். சோதனை அலுவலராக அவளுக்கு இது பதினோராவது வருடம்.

"முன்னாடி மட்டும் காந்தக் கவ்வி. பின்னாடி பழைய பிரேக்கையே விட்டிருக்கீங்க?"

"வண்டி நிக்கறதே முன் சக்கரத்துலதான்னு கடைக்காரர் சொன்னாருங்க மேடம். நின்னுருச்சில்ல?"

"நீங்க ஒருத்தர் மட்டும் உக்காந்து, காஞ்ச தரையில நேரா ஓட்டுனீங்க, நின்னுச்சு. பிரேக் போட்டா பாரம் முன்னாடி சாயும், அதனால முன்னாடிக்கு வேலை ஜாஸ்தி, அது வாஸ்தவம். அதுக்காக மொத்த வேலையையும் முன்னாடியே குடுத்தா ஈரத்துல முன் டயர் உருளாம வழுக்கும். டயர் உருண்டாத்தான் ஸ்டீயரிங் சொன்ன பேச்சு கேக்கும். எட்டுப் பேர ஏத்திக்கிட்டு மலை எறங்கும்போது வளைவுல வண்டி திரும்பாது. நேரா போயிரும்."

"சறுக்கல் தடுப்பான் இருக்குதுங்களே?"

"அது பழைய பிரேக்குக்குப் பழகுனது. இந்தக் காந்தத்தோட வேகம் அதுக்குப் புடிபடாது. பின்னாடியும் மாத்திட்டு, ரெண்டையும் விகிதம் பாத்து அமைச்சுட்டு வாங்க."

அவள் நிராகரித்து எழுதிய தாளை மேலதிகாரி மாசிலாமணி பத்தே நிமிடத்தில் ரத்து செய்தார். "விதியில தூரம்தான் இருக்கு. பின் பிரேக்கப் பத்தி எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்" என்றார். விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி இல்லை. தவசியப்பன் உரிமத்தை வாங்கிக்கொண்டு, அவள் பக்கம் திரும்பாமலே போனார்.

இருபது நாள் கழித்து, காது குத்து விசேஷத்துக்குக் குடும்பத்தோடு போன அந்த வேன், தூறலில் நனைந்த மலைச்சாலையின் ஒரு வளைவில் திரும்பவில்லை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தும் நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. தவசியப்பனுக்குக் கால் உடைந்தது. அவர் மனைவி தெய்வானை அங்கேயே இறந்துபோனாள்.

விசாரணைக் குழுவின் முன் நாச்சியார் கத்தினாள். இப்படிப்பட்ட வண்டிகளைத் தன் கையால் நிராகரித்த முப்பத்தாறு தாள்களை மேசையில் வீசினாள். ஒவ்வொன்றின் மேலும் மாசிலாமணியின் ரத்து முத்திரை இருந்தது. குழுத் தலைவர் அவளை உட்காரச் சொல்லி, "என்னதான் செய்யணும்ங்கறீங்க? ஒரே வரியில எழுதிக் குடுங்க" என்றார். அவள் எழுதினாள்: 'சுமைக்கும் சரிவுக்கும் ஏற்ற விகிதத்தில் முன், பின் தடைகள் அமைய வேண்டும்.'

இரண்டு மாதத்தில் சமன் ஆணை வந்தது. அதில், 'முன், பின் தடைவிசைகள் சமமாக இருக்க வேண்டும்' என்றிருந்தது. நிறுத்தத் தூரம் பற்றிய விதியே விபத்துக்குக் காரணம் என்று சொல்லி, அதை அடியோடு நீக்கியிருந்தார்கள். அவள் தலைநகருக்குப் போன் செய்தாள். "விகிதம், சரிவுன்னா யாருக்கும்மா புரியும்? சுருக்கியிருக்கோம், உங்க கருத்துதான்" என்றது மறுமுனை.

பட்டறைகளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பின் பிரேக்கைத் தரம் உயர்த்த இரண்டு நாளாகும். முன் பிரேக்கின் விசையைப் பின்னுக்குச் சமமாகக் குறைக்க, நகக்கண் அளவுள்ள ஒரு மின்னணுச் சமன்சில்லைச் செருகினால் போதும், ஐந்தே நிமிடம். சோதனையில் ஓட்டிக் காட்டவும் வேண்டாம். வண்டியில் கம்பியை மாட்டினால் திரையில் இரண்டு முள்ளும் ஒன்றுசேரும், பச்சை விளக்கு எரியும்.

ஆணை நடைமுறைக்கு வந்த திங்கட்கிழமை காலையில் திடல் வாசலில் அறுபது வண்டிகள் நின்றன. முதலில் நின்றது தவசியப்பனின் புது வேன். தாங்கித் தாங்கி இறங்கி வந்து அவளைக் கும்பிட்டார்.

"அன்னிக்கு உங்க பேச்சக் கேக்காம விட்டுட்டேன் மேடம். இன்னிக்கு மொத ஆளா சமன் பண்ணிட்டு வந்துட்டேன்."

கம்பி மாட்டியதும் பச்சை எரிந்தது. நாச்சியார் கம்பியைப் பிடுங்கினாள். "ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க" என்றாள்.

நூறில் வந்து மிதித்தார். வேன் உருண்டது, மேலும் உருண்டது. நின்றபோது அவளே நாடா பிடித்து அளந்தாள். எண்பத்தாறு மீட்டர். எந்த மாற்றமும் செய்யாத பழைய வண்டிகூட ஐம்பதில் நிற்கும்.

"விதிப்படி இது தேவையில்லாத வேலை" என்றபடி மாசிலாமணி வந்தார். "பச்சை எரிஞ்சாச்சு. அனுப்பிவிடுங்க."

நாச்சியார் தடத்தில் நடந்தாள். பிரேக் மிதிக்கும் கோட்டிலிருந்து சரியாக நாற்பது மீட்டர் தள்ளி, நடுத்தடத்தில் நின்றாள்.

"தவசியப்பன், இன்னொரு தடவ வாங்க. நூறுல வந்து கோட்டுல மிதிங்க."

"என்ன பைத்தியமா? இந்தப் பக்கம் வாங்க!" மாசிலாமணி அலறினார்.

"பச்சை எரியுதே சார், எதுக்குப் பயப்படறீங்க? நாளைக்கு ரோட்டைக் கடக்கறவங்களுக்கு இந்தப் பச்சை விளக்கத்தான காட்டப் போறீங்க? எனக்கும் காட்டுங்க!"

தவசியப்பன் அவளைப் பார்த்தார். அவள் காலடியிலிருந்து வேன் போய் நின்ற இடம் வரைக்கும் கிடந்த தூரத்தைப் பார்த்தார். அவர் முகம் கோணிக்கொண்டது. சாவியைத் திருகி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"மாட்டேன். நான் ஓட்ட மாட்டேன். இன்னொருத்தரையும் கொல்ல என்னால முடியாது."

மேசையிலிருந்த இயந்திரம் அதற்குள் அவர் பெயரில் சான்றிதழை அச்சடித்துத் துப்பியிருந்தது. வாசலில் நின்ற ஐம்பத்தொன்பது வண்டிகளும் ஹாரன் அடிக்கத் தொடங்கின. மாசிலாமணி அந்தத் தாளைக் கிழித்தெடுத்து, வேனின் கண்ணாடியில் செருகிவிட்டு, "அடுத்தது!" என்று கூப்பிட்டார்.