நீலச் செருப்பு, சிவப்புச் செருப்பு

திரையில் மலை தெரிந்தது. அதன் மேல் மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு விண்கலம் மெல்ல இறங்கியது. அடி அண்ணாமலை ஊர்ப் பள்ளியின் வகுப்பறை முழுக்கப் பச்சை வெளிச்சம் மிதந்தது.

ஐந்தாம் வகுப்புச் சினேகா கைபேசியில் எடுத்த படம் அது. மறுநாள் ஆண்டு விழாவில் காட்டப்போகிறார்கள்.

படம் முடிந்ததும் ஏழாம் வகுப்பு வல்லரசு எழுந்தான்.

"சார், இது காப்பி! போன வருஷம் எங்க கிளாஸ் தென்றல் எடுத்த படத்துலயும் விண்கலம் வந்துச்சு, கரண்டு போச்சு, நாய் குலைச்சுச்சு!"

சினேகாவின் கண்கள் கலங்கின.

"காப்பின்னா நாளைக்குப் போட முடியாதேம்மா" என்றார் கோதண்டராமன் சார். "தென்றல், நீ என்ன சொல்ற?"

தென்றலுக்கும் உள்ளுக்குள் கோபம்தான். ஆனாலும், "இன்னொரு வாட்டி போடுங்க சார்" என்றாள்.

மறுபடியும் விண்கலம் இறங்கியது. கனவில் பார்ப்பதுபோல் இருந்தது.

"வல்லரசு, நீயும் ஒரு விண்கலப் படம் எடுத்தியே, அதுல கரண்டு போகலையா?" என்று கேட்டாள் தென்றல்.

"போச்சு."

"நாய்?"

"அது எங்க வீட்டு நாய். தானாவே குலைச்சுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள்.

"நீ யாரைப் பார்த்து எடுத்த?"

"யாரையும் பார்க்கல. விண்கலம் வந்தா எல்லாப் படத்துலயும் அப்படித்தானே ஆகும்!"

"அப்போ அது எல்லாருக்கும் பொதுதானே?"

வல்லரசு தலையைச் சொறிந்தான்.

திடீரென்று தென்றல், "நிறுத்துங்க சார்!" என்றாள்.

வேற்றுக்கிரகவாசி ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தான். ஒரு காலில் நீலச் செருப்பு, மறு காலில் சிவப்பு. தென்றலின் படத்திலும் அப்படித்தான். அதில் வேற்றுக்கிரகவாசியாக வந்த அவள் தம்பி, அன்று செருப்பு அறுந்துபோனதால் கிடைத்ததை மாட்டிக்கொண்டு நடித்தான்.

"இது வேற எந்தப் படத்துலயும் வராது. என் படத்துல இருந்துதானே எடுத்த?"

"ஆமாங்கா" என்றாள் சினேகா. "வேணும்னேதான் வெச்சேன். உங்க படத்தைப் பார்த்துதான் எனக்கும் ஆசை வந்துச்சு. உங்களுக்கு வணக்கம் சொல்ற மாதிரி இருக்கட்டும்னு வெச்சேன். நீங்க கண்டுபிடிப்பீங்கன்னு நினைச்சேன்."

தென்றலின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"திருடுறவங்க மறைச்சுதான் வெப்பாங்க சார். இவ எனக்குத் தெரியணும்னு வெச்சிருக்கா. படத்தைப் போடுங்க!"

மறுநாள் மாலை ஊரே கைதட்டியது. சினேகா கூட்டத்தில் நுழைந்து வந்து தென்றலை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அக்கா, அடுத்த படம் ரெண்டு பேரும் சேர்ந்து எடுக்கலாமா?"

"எடுக்கலாம். கடலுக்கு அடியில நடக்கிற கதை."

"நம்ம ஊர்ல கடலே இல்லியேக்கா!"

"விண்கலம் மட்டும் இருந்துச்சா?"

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். மலைமேல் மேகங்கள் அலை அலையாக வந்துகொண்டிருந்தன.