மோசேயைத் தூக்கியவள்!

"மோசே...!"

மாரிட்டின் அலறலில், சந்தையில் தக்காளியைக் கூறு கட்டிக் கொண்டிருந்தவள் துள்ளி எழுந்தாள்.

ஒரு நொடி... ஒரே ஒரு நொடிதான் மாரிட் பையனின் கையை விட்டாள். செருப்புக்கு விலை கேட்க.

திரும்பினால் பையன் இல்லை!

அதோ... மஞ்சள் துணி சுற்றிய ஒருத்தி. இடுப்பில் ஆறு வயது மோசே. வாடகை பைக்கில் தொற்றி ஏறினாள். பைக் சீறியது. புழுதி!

மாரிட் நார்வேக்காரி. நர்ஸ். உகாண்டாவில், ஜின்ஜா நகருக்கு வெளியே ஓர் அநாதை இல்லத்தில் எட்டு மாதமாகச் சம்பளமில்லாத சேவை.

நாளை மோசேக்கு விமானம். தத்தெடுத்த வெளிநாட்டுத் தம்பதி காத்திருக்கிறார்கள்.

போன் அலறியது. இல்லத்தின் இயக்குநர் லுபேகா.

"எங்கே இருக்கே? பையனைப் போட்டோ எடுக்கணும், கூட்டிட்டு வா."

"சார்... ஒரு பொம்பளை... படகுத்துறைப் பக்கமா... தூக்கிட்டுப் போயிட்டா..."

"என்னது!" லுபேகா கத்தினார். "பையன் கிடைக்கலைன்னா, நீதான் வித்துட்டேன்னு கேஸ் குடுப்பேன். உன் பாஸ்போர்ட் என் அலமாரியில இருக்கு. தெரியுமில்ல?"

தெரியும். சாலைக்கு ஓடிக் கை காட்டினாள்.

ஒரு வாடகை பைக் ஓட்டி வண்டியைத் திருப்பினான்.

"ஏறும்மா! கெட்டியாப் பிடிச்சுக்க. பள்ளத்துல விழுந்தா முதல்ல நான்தான் விழுவேன், கவலைப்படாதே!"

ஏரிக்கரை. மீனவர்கள் அந்த மஞ்சள் துணிக்காரியை வளைத்திருந்தார்கள். அவளுடைய ஒரு கால் படகில்... ஒரு கால் தண்ணீரில்...

மாரிட் பாய்ந்தாள்.

"குழந்தையை விடு!"

"ஏன் விடணும்? பெத்தவடி நான்!" அவள் குரல் கிழிந்தது. "காசநோயில விழுந்து கிடந்தேன். குணமாகற வரைக்கும் படிக்க வைக்கிறோம்னு வாங்கிட்டுப் போனாங்க. மூணு தடவை உங்க கேட்டுக்கு வந்தேன். வாட்ச்மேன் நாயை அவுத்து விட்டான்! இப்ப ஏரோப்பிளேன்ல ஏத்தறீங்களாமே?"

மாரிட் நீட்டிய கைகளை இறக்கினாள்.

பையன் அழவில்லை. அந்தப் பெண்ணின் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிக் கொண்டிருந்தான். 'உலகில் யாருமற்ற சிறுவன்' என்று அவனைப் பற்றி அந்தத் தம்பதிக்கு எழுதியது யார்?

மாரிட்தான்.

ஜீப் வந்து நின்றது. லுபேகா குதித்தார். பின்னாலேயே இன்ஸ்பெக்டர் பலிக்கோவா.

"நடிக்கறா சார்! இவன் தாய் செத்து ரெண்டு வருஷம். இதோ இறப்புச் சான்றிதழ்! மாரிட், பையனை வாங்கு!"

மாரிட் நகர்ந்தாள்... அந்தப் பெண்ணுக்கு முன்னால் போய் நின்றாள்.

"விசாரிக்காம குழந்தையைக் குடுக்காதீங்க இன்ஸ்பெக்டர்!"

"பாஸ்போர்ட் வேணாமா உனக்கு?" பல்லைக் கடித்தார் லுபேகா.

"வச்சுக்குங்க!"

 மாரிட் நகரவில்லை.

இன்ஸ்பெக்டர் காகிதத்தை நிதானமாகப் படித்தார்.

"தாய் பேரு... நபிரியே. லுபேகா சார், உங்களுக்குச் சொந்த ஊர் தலைநகரா?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"அதான்! எங்க சோகா ஜனங்க, இரட்டைப் பிள்ளை பெத்தவளைத்தான் நபிரியேன்னு கூப்பிடுவோம். அது பட்டம் சார்! இவனோட கூடப் பொறந்தது எங்கே?"

"அ... அப்படி யாரும் இல்ல. ஒத்தைப் பையன்..."

மஞ்சள் துணிக்காரி படகைப் பார்த்துக் கத்தினாள்.

"வய்ஸ்வா! வெளிய வாடா!"

வலைக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எழுந்தது.

மோசே!

இல்லை... இன்னொரு மோசே! அதே மூக்கு. அதே விழுந்த முன்பல்!

இடுப்பிலிருந்தவன் வாய்விட்டுச் சிரித்தான். வழுக்கி இறங்கித் தண்ணீரில் ஓடினான்.

"மோசேயாம் மோசே! அவன் என் பிள்ளை தென்யுவா! அண்ணனைப் பாட்டிகிட்ட விட்டுட்டு இவனை மட்டும்தான் குடுத்தேன்!" அவள் ஈரத்திலேயே மண்டியிட்டு அழுதாள். மாரிட்டும்.

லுபேகா விடவில்லை. முகமெல்லாம் வியர்வை.

"இருக்கட்டும் சார்! கடைத்தெருவுல பட்டப்பகல்ல பிள்ளையைத் தூக்கினவ இல்லையா? முதல்ல இவளை அரெஸ்ட் பண்ணுங்க!"

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"செத்தவளுக்கு விலங்கு மாட்டினா என் வேலை போயிடும் சார். நீங்க கையை நீட்டுங்க... உங்க பேப்பர்படி உயிரோட இருக்கற குற்றவாளி நீங்க ஒருத்தர்தான்!"