கோட்டைச்சாமியின் சாட்சியம்

நரிக்குடிக்குத் தெற்கே, கருவேலங்காட்டுக்கு நடுவில் நின்ற அந்த ஓட்டு வீட்டுக்கு வக்கீல் துர்காதேவி வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். அந்த வீட்டு மருமகள் ரேணுகா காணாமல் போய் மூன்று வருடம். புருஷன் தங்கபாண்டிதான் கொன்றுவிட்டான் என்று அவளைப் பெற்றவர்கள் சொன்னார்கள், உடல் கிடைக்கவில்லை. பக்கவாதத்தில் கிடக்கும் மாமனார் கோட்டைச்சாமியின் சாட்சியத்தை வீட்டிலேயே பதிந்து வரும்படி கோர்ட்டு துர்காவை அனுப்பியிருந்தது.

ஜாமீனில் இருந்த தங்கபாண்டி உள்ளறையைக் காட்டினான். “அப்பா உள்ளதச் சொல்லுவாக. எழுதிக்கங்க.”

“நீங்க வெளியில இருக்கணும்.”

முறைத்துக்கொண்டே போனான்.

அறைக்கு ஜன்னல் இல்லை. வெளியே நிலம் வெடித்துக் கிடக்க, உள்ளே மட்டும் ஈரமண் வாடை. கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து சத்தியப் பிரமாணம் சொல்லிக் கொடுத்தாள். கிழவர் குழறிக் குழறித் திருப்பிச் சொன்னார்.

“ரேணுகா எப்ப வீட்ட விட்டுப் போனாங்க?”

“விடிகாலையில... பஸ்ஸு ஏறிப் போனா. என் கண்ணால பாத்தேன்.”

எழுதினாள்.

கட்டிலுக்கு அடியில் யாரோ தரையைச் சுரண்டினார்கள்.

எலி என்று நினைத்தாள்.

“மாமா...” என்றது ஒரு பெண் குரல், மெதுவாக. “நானா போனேன்?”

பேனா நின்றுவிட்டது.

கிழவரின் கண்ணில் நீர் வழிந்தது. “தெனமும் கேக்குறா தாயி. நான் சொன்னது பொய்யி. என் மகன்தான் கழுத்த நெரிச்சான். இந்தக் கட்டிலுக்கு அடியிலதான் கெடக்கா. அவளுக்கு என்னையக் காவலாப் போட்டுருக்கான்.”

துர்கா கீழே குனிந்து பார்க்கவில்லை. அவர் சொன்னதை எழுதி, அவர் காதருகே முணுமுணுப்பாக வாசித்துக் காட்டி, பெருவிரல் ரேகையைப் பதித்தாள்.

வாசற்படியில் நிழல் விழுந்தது.

“என்ன எழுதுனீக? வாசிங்க.”

தாளில் உண்மை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே துர்கா பொய்யை வாசித்தாள். “விடிகாலையில் பஸ் ஏறிப் போனாள். என் கண்ணால் பார்த்தேன்.”

தங்கபாண்டி தாளுக்குக் கை நீட்டினான்.

மறுபடி சுரண்டல்.

இந்த முறை அவனுக்கும் கேட்டது. நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. துர்கா ஓடாமல், நடந்தே வெளியேறினாள்.

மறுநாள் போலீஸார் அந்தத் தரையைத் தோண்டினார்கள். எலும்புகள் கிடைத்தன. கோட்டைச்சாமியை ஆஸ்பத்திரிக்கும் மகனை ஜெயிலுக்கும் கொண்டுபோனார்கள்.

அடுத்த வாய்தாவில் நீதிபதி அந்தத் தாளைக் கடைசி வரை படித்துவிட்டுச் சாட்சிக் கூண்டைப் பார்த்தார்.

“அங்க நிக்கிற அம்மா யாரு? அவங்க சாட்சியையும் பதியணும்ல?”

கூண்டு காலியாக இருந்தது.

டைப் அடிக்கும் பெண் மட்டும், யாரோ சொல்லச் சொல்லக் கேட்பவள்போல், தட்டிக்கொண்டே இருந்தாள்.