பதில் வரவில்லை

அந்த வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, வழக்கம்போல ரொட்டியும் பழுப்புச் சீஸும் தின்றுவிட்டு, பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறைக்கு இறங்கினேன். வெளியே கும்மிருட்டு. டிசம்பரில் வட நார்வேயில் சூரியன் தலைகாட்டாது. அதற்கெல்லாம் பயப்படுகிறவள் இல்லை நான். இருபத்தாறு வருஷமாக வட்டார வரலாற்று ஆவணங்களைப் பார்த்துக்கொள்கிறேன். செத்தவர்களின் கடிதங்கள், தேவாலயப் பதிவேடுகள், படகுக் குறிப்பேடுகள். செத்தவர்கள் என்னைத் தொந்தரவு செய்ததே இல்லை. உயிரோடு இருப்பவர்கள்தான் பிராணனை வாங்குவார்கள்.

அப்படி ஒருவன் ஆஸ்முன். கூட வேலை பார்ப்பவன், என் வயதுதான். அவனுடைய கொள்ளுத் தாத்தா நிக்கோலாய், ஸ்கார்விக் என்ற கடலோரக் கிராமத்தில் பள்ளி ஆசிரியர். அவருடைய நாட்குறிப்பைக் குடும்பத்தார் எங்களிடம் கொடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை அதை வைத்துக் கண்காட்சி.

"குட்வெய்க், இன்னிக்காவது அதைப் படிச்சு முடிப்பியா, இல்ல ஈஸ்டர் ஆகுமா?" என்று நான் இறங்கும் முன்பே கேட்டிருந்தான் ஆஸ்முன்.

"உன் கொள்ளுத் தாத்தா கோழி கிண்டின மாதிரி எழுதிவச்சிருக்காரு. நான் என்ன பண்ண?"

"மரியாதையா பேசு. ஊர் ஆம்பளைங்களைத் திரட்டி மூணு நாள் பனியைத் தோண்டின மனுஷன் அவரு."

ஊரறிந்த கதை அது. 1899 பிப்ரவரியில் மலையிலிருந்து சரிந்த பனி ஒரு வீட்டை அப்படியே மூடிவிட்டது. உள்ளே பெரித் என்ற பெண்ணும் அவளுடைய மூன்று பிள்ளைகளும். புருஷன் லோஃபோட்டன் தீவுகளுக்கு மீன்பிடிக்கப் போயிருந்தான். ஆசிரியரும் ஆட்களும் தோண்டினார்கள். மணிக்கொரு முறை மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பிடுவார்கள், பதில் வருகிறதா என்று காது கொடுப்பார்கள். நால்வரும் பிழைக்கவில்லை.

எங்கள் நிலவறையிலும் அப்படி ஒரு வழக்கம் உண்டு. இரும்பு அலமாரிகள் தண்டவாளத்தில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். சக்கரத்தைச் சுற்றினால் விலகி, ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சந்து திறக்கும். ஒரு நேரத்தில் ஒரு சந்துதான். இன்னொன்றைத் திறந்தால் இது மூடிக்கொள்ளும். அதனால் சக்கரத்தில் கைவைக்கும் முன் சத்தமாகக் கூப்பிட வேண்டும். பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

ஏழாம் சந்தின் கடைசியில், சுவரோரம் அந்த நாட்குறிப்புப் பெட்டி இருந்தது. மேலே கொண்டுபோய்ப் படித்திருக்க வேண்டும். சோம்பேறித்தனம். நின்றபடியே பிரித்தேன்.

மூன்றாம் நாள். "கூப்பிட்டோம். பதில் வரவில்லை. திரும்பிவிட்டோம்."

அந்த வரியில் மட்டும் காகிதம் மெலிந்திருந்தது. கத்தியால் சுரண்டி, அதன்மேல் எழுதியிருக்கிறார். தாளுக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்தேன். பழைய எழுத்தின் தடம் வெளிச்சத்தில் எழுந்தது.

"பதில் வந்தது. மலையில் இன்னும் பனி தொங்குகிறது, மறுபடி சரியலாம். நான்தான் திரும்பச் சொன்னேன்."

"அடப்பாவி மனுஷா!" என்றேன், வாய்விட்டு.

ஈரக் கம்பளி வாடை வந்தது. கூடவே மீனெண்ணெய் விளக்கு அணைந்த புகை. என் மூச்சு வெள்ளையாக வெளியே வந்தது.

வெளியே காலடிச் சத்தம். ஆஸ்முன் வேறு ஏதோ பெட்டி எடுக்க வந்திருக்கிறான்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேன்டா! ஏழுல இருக்கேன்!"

"பதில் வரலை," என்றான். யாரிடமும் சொல்வதுபோல் இல்லை.

சக்கரம் முனகியது.

அலமாரி என்னை நோக்கி நகர்ந்தது. நாட்குறிப்போடு வாசல் பக்கம் ஓடினேன். பாதி தூரத்தில் தோள்கள் இடித்தன. பக்கவாட்டில் திரும்பி நகர்ந்தேன். சந்தின் வாயில் அவன் முகம் தெரிந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் கண்ணில் படவில்லை.

"ஆஸ்முன்! நிறுத்துடா! நசுங்கிடுவேன்!"

அவன் தலையைச் சாய்த்து உன்னிப்பாகக் கேட்டான். நல்லவன் அவன். பூனை செத்ததற்கு ஒரு வாரம் அழுதவன்.

"யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேன்! இருக்கேன்!"

"பதில் வரலை."

நெஞ்சு இரும்பில் அழுந்தியது. மூச்சு பாதிதான் உள்ளே போயிற்று. அப்போது பக்கத்தில், ஒரு பூனைகூட நுழைய முடியாத அந்த இடுக்கில், யாரோ மூச்சுவிட்டார்கள்.

ஒருவர் இல்லை. நான்கு பேர்.

ஒரு சின்னக் கை என் இடது கையைப் பிடித்துக்கொண்டது. ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

அந்தத் தாளில் 'பதில் வரவில்லை' என்று எழுதியிருக்கும்வரை வெளியே யாருக்கும் எதுவும் கேட்காது என்று அந்தப் பிடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நிலவறையில் பேனாவுக்கு அனுமதியில்லை, சட்டைப் பையில் பென்சில் மட்டும். ஆவணத்தில் ஒரு புள்ளி வைத்ததற்காகப் பேராசிரியர்களையே வெளியே அனுப்பியவள் நான். வலது கை மட்டும் அசைந்தது. நாட்குறிப்பை அலமாரியோடு சேர்த்து நெஞ்சால் அழுத்திக்கொண்டு, சுரண்டிய இடத்தின்மேல் கிறுக்கினேன்.

"பதில் வந்தது. கேட்டோம்."

சக்கரம் நின்றது.

"குட்வெய்க்! ஐயோ, நீ உள்ளயா இருந்தே? ரெண்டு தடவை கூப்பிட்டேனே!"

பதறிப்போய் அலமாரியைத் தள்ளி என்னை வெளியே இழுத்தான். தாளுக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்துக் காட்டினேன். படித்தான். மறுபடியும் படித்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

"திங்கக்கிழமை இந்தப் பக்கத்தையே வைப்போம்," என்றான் கடைசியில். "அவங்களுக்கு இவ்வளவாவது செய்யணும்."

எல்லாம் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுநாள் காலை, மீதிப் பெட்டிகளை எடுக்க இருவரும் சேர்ந்தே இறங்கினோம். ஏழாம் சந்து திறந்தபடி இருந்தது. உள்ளே யாருமில்லை, கடைசிச் சுவர்வரை நானே விளக்கடித்துப் பார்த்தேன். எட்டைத் திறக்க ஆஸ்முன் சக்கரத்தில் கைவைத்தான். பழக்கம் விடுமா, கூப்பிட்டான்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேன்டா! ஏழுல இருக்கேன்!"

என் குரல். அதே சிடுசிடுப்பு.

நான் அவன் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். வாயே திறக்கவில்லை.

ஆஸ்முன் சக்கரத்திலிருந்து கையை எடுத்தான். மெல்லத் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"குட்வெய்க்... நேத்து நீ வெளிய வந்துட்டேல்ல?"

ஆமாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். என் இடது கையைப் பிடித்த அந்தச் சின்னக் கை இன்னும் விடவில்லை.